வகுப்பறைக்கு ஏசி போடப்போவதாகச் சொல்லிப் பள்ளியில் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

உங்கள் பிள்ளை கடைசி மாடியில் படிக்கிறான் என்றே வைத்துக்கொள்கிறேன். கீழ்த்தளத்துப் பிள்ளைகளின் பெற்றோர் இதை அவ்வளவாகக் கேட்பதில்லை.

2024 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதே வழக்கு வந்தது. மாதம் 2,000 ரூபாய் ஏசி கட்டணம். பெற்றோர்தான் ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊருக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். பணம் கட்டுமுன் அந்தப் பள்ளியின் மொட்டை மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் பதில்.

நான் வேலூர்ப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எட்டாம் வகுப்பு மாடியில். மேலே வெறும் கான்கிரீட். பழைய கட்டடங்களில் இருப்பதுபோல் சுண்ணாம்பு ஜல்லியோ தட்டோடோ கிடையாது. மார்ச் பிறந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. ஃபேனைப் போட்டால் கூரையில் தேங்கிய சூட்டை இழுத்து அப்படியே தலையில் கொட்டும். நோட்டில் கை பட்ட இடமெல்லாம் ஈரமாகி மை இழுசியிருக்கும். கடைசிப் பீரியடில் பாதி வகுப்பு பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடக்கும். சுவரில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே வேப்பமர நிழலில் 36 டிகிரி, எங்கள் வகுப்பில் 39.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கலாம் என்றேன். "வெள்ளை அடிச்சா வெயில் போயிடுமா டீச்சர்?" என்றார் ஒருவர். மாணவி ஒருத்தியின் அப்பா கொத்தனார். "சுண்ணாம்புதானே, அடிச்சுப் பாத்துடலாம்" என்று அவரே முன்வந்தார். தரையைத் தேய்த்துக் கழுவி, ஊறவைத்த சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடித்தார். அதற்குமுன் மதியம் இரண்டு மணிக்கு அங்கே செருப்போடு நின்றாலே உள்ளங்கால் காயும். அடித்தபிறகு வெறுங்காலோடு நடந்தோம். கிழக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற பீரோவையும் நகர்த்தினோம். அதே மாதிரி வெயிலடித்த இன்னொரு நாள் வகுப்புக்குள் 36. குளுகுளுவென்று ஆகிவிடவில்லை. ஆனால் கடைசிப் பீரியடிலும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

காரணம் எளிது. கறுத்துப்போன கான்கிரீட் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் உள்ளே விடுகிறது. வெள்ளைப் பரப்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கூரையை அப்படியே விட்டுவிட்டு ஏசி போட்டால், அந்தச் சூட்டை வெளியேற்றுகிற கரண்டுக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். தெலங்கானா அரசு 2023-இல், இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்திருக்கிறது. இன்னொன்று, ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றி விடும். நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அறையை இறுக மூடினால் கரியமில வாயு ஏறித் தூக்கம்தான் வரும்.

சுண்ணாம்பு மழையில் கரையாதா என்பீர்கள். கரையும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். ஓலைக் கொட்டகைதான் குளிர்ச்சி என்று யாராவது எழுத வந்தால், 2004-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்திருக்கிறோம், தயவுசெய்து வேண்டாம். ஏசியே கூடாது என்றும் நான் சொல்லவில்லை.

வெயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் பள்ளித் திறப்பை ஜூன் 1-லிருந்து 7, பிறகு 12 என்று தள்ளிவைத்தார்கள். தெருவில் பார்த்தவர்களெல்லாம் "உங்களுக்கென்ன, சம்பளத்தோட லீவு" என்றார்கள். அந்த நாட்களுக்கு ஈடாகச் சனிக்கிழமைகளில் அதே மாடியில் நின்று பாடம் நடத்தியதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். மாடிக்கு வெள்ளை அடித்தீர்களா, மேற்கு ஜன்னலுக்கு வெயில் மறைப்பு உண்டா, ஏசி ஓடும்போது வெளிக்காற்று எந்த வழியாக வரும் என்று பள்ளியில் கேளுங்கள். 75 வாட் பழைய ஃபேன்களை எடுத்துவிட்டு 30 வாட் சொச்சத்தில் ஓடும் பிஎல்டிசி என்கிற சிக்கன மோட்டார் ஃபேன் போடுவார்களா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் அந்த மாடி வகுப்புப் பெற்றோர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய், முதலில் கூரையைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.