ஐ.டி. கம்பெனி கணக்கு ஓசூருக்குச் சரிவருமா?

கேள்வி: வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எச்.ஆர். மேனேஜராக இருக்கிறேன். மொத்தம் 180 பேர். ஆன்லைன் பயிற்சிக்கு பட்ஜெட் கேட்டால், "ஐ.டி., ஆஸ்பத்திரியெல்லாம் சம்பளத்தில் எத்தனை சதவீதம் செலவு செய்கிறார்கள்? பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார் எம்.டி. எப்படி ஒப்பிடுவது?
- வாசகி, ஓசூர்

பதில்: வெறும் சதவீதத்தோடு போய் நிற்காதீர்கள் அம்மா, அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பயிற்சிச் செலவு என்று ஒவ்வொரு துறையும் எழுதும் கணக்கு வேறு. ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்தவர்களை மாதக்கணக்கில் உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார்கள். அந்தச் சம்பளத்தைச் சேர்த்தால் ஒரு தொகை, ஆன்லைன் பாடங்களுக்கான லைசென்ஸ் கட்டணம் மட்டும் என்றால் வேறு தொகை. ஆஸ்பத்திரிக்கோ விதியே இருக்கிறது: மருத்துவக் கழிவைக் கையாளும் ஊழியருக்கு வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்கின்றன 2016-ம் ஆண்டு விதிகள். (உங்களுக்கும் ஒன்று உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் கட்டாயமாக்குகிறது. அதைத் தனி வரியில் எழுதுங்கள், யாரும் கை வைக்க முடியாது.)

தொழிற்சாலையில் பெரிய செலவு லைசென்ஸ் அல்ல, நேரம். சராசரிச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய் என்று வையுங்கள். 26 நாள், 8 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 120 ரூபாய். தலைக்கு ஆண்டுக்கு 20 மணி நேரம் ஒதுக்கினால் 180 பேருக்கு 4.32 லட்சம். ஒரு வீடியோகூட இன்னும் வாங்கவில்லை! அதையே ஷிஃப்ட் முடிந்தபின் ஓவர்டைமில் வைத்தால் இரட்டிப்பு.

இந்தச் செலவைத் தவிர்க்க, "வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்" என்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் செய்தோம். ரிப்போர்ட்டில் எல்லாரும் முடித்துவிட்டதாக வந்தது. ஒருநாள் கேன்டீனில் பார்த்தால், ஒரு அப்ரென்டிஸ் பையன் ஆறு செல்போனை மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு, டீ குடித்தபடி ஒவ்வொன்றிலும் 'நெக்ஸ்ட்' தட்டிக்கொண்டிருந்தான். லைனில் இருந்த அண்ணன்மார் ஆறு பேரின் போன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அதனால் எம்.டி.யிடம், ஒரு ஆளுக்கு எத்தனை மணி நேரம், அது ஷிஃப்டுக்குள்ளா வெளியிலா, முடித்தவர் மெஷினில் செய்து காட்டினாரா என்று மூன்று பத்தி உள்ள அட்டவணையாகப் போட்டுக் காட்டுங்கள். ஐ.டி., ஆஸ்பத்திரி ஆட்களிடம் விசாரிக்கும்போதும் இதையே கேளுங்கள். இன்ஜினீயர்களுக்குக் காசு கொடுத்து வாங்குமுன், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களைப் பாருங்கள். பாடம் இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

அப்படியும் சதவீதம்தான் வேண்டும் என்றால், மலேசியாவைக் காட்டுங்கள். அங்கே 10 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், பெரும்பாலான துறைகளில், மாதச் சம்பளத்தில் 1 சதவீதத்தைப் பயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும். அதே 25,000 ரூபாய் கணக்கில் உங்கள் ஆண்டுச் சம்பளம் 5.4 கோடி, அதில் 1 சதவீதம் 5.4 லட்சம். நேரச் செலவு போக மிஞ்சுவது 1.08 லட்சம், அதாவது தலைக்கு 600 ரூபாய். லைசென்ஸ் விற்க வருபவரிடம் அந்த 600-லிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.