விபிஎன் போட்டா போதுமா? வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல விபிஎன் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன், எழுதித் தள்ளிட்டீங்க. எல்லாத்துக்கும் பதில் போட இடம் இல்ல, அதனால பல பேர் கேட்ட விஷயமா பாத்து எடுத்திருக்கேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): சார், விபிஎன் ஆன் பண்ணிட்டா நான் நெட்ல என்ன பாக்கறேன்னு யாருக்குமே தெரியாதுன்னு விளம்பரத்துல சொல்றாங்களே, உண்மையா?

இல்லம்மா. யாருக்குமே தெரியாதுங்கறது தப்பு, தெரியுற ஆள் மாறுறாங்க, அவ்வளவுதான் நடக்குது. நீங்க ஒரு லெட்டர் எழுதி கவர்ல போட்டு அனுப்புறீங்கன்னு வச்சுக்கோங்க, அந்தக் கவரை இன்னொரு பெரிய கவருக்குள்ள வச்சு மேல விபிஎன் கம்பெனி அட்ரஸை எழுதினா எப்படியோ அதுதான் விபிஎன். வழியில இருக்கற உங்க இன்டர்நெட் கம்பெனிக்கு வெளிக் கவர் மட்டும்தான் தெரியும், அதாவது நீங்க ஒரு விபிஎன் சர்வரோட பேசறீங்க, இவ்வளவு டேட்டா போகுது வருது, அவ்வளவுதான். ஆனா வெளிக் கவரைப் பிரிக்கிறது விபிஎன் கம்பெனி, உள் கவர் எந்த சைட்டுக்குப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும். உள்ள இருக்கற லெட்டர் என்னன்னு அவங்களாலயும் படிக்க முடியாது, ஏன்னா இப்போ பெரும்பாலான சைட்டுங்க எச்டிடிபிஎஸ்ங்கற பூட்டு முறையில ஓடுது, அந்தப் பூட்டு விபிஎன் இல்லன்னாலும் இருக்கு.

அந்தப் பக்கம் இருக்கற சைட்டுக்கு உங்க ஐபி அட்ரஸ், அதாவது நெட்ல உங்க இணைப்போட விலாசம், தெரியாது, விபிஎன் சர்வரோட ஐபிதான் தெரியும். ஆனா நீங்க அதே ஜிமெயில் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி உக்காந்திருந்தா கூகுளுக்கு நீங்க யாருன்னு தெரியாதா என்ன? குக்கீ (சைட் உங்க பிரவுசர்ல விட்டு வைக்கிற குறிப்பு), பிரவுசரோட அடையாளம், இதையெல்லாம் விபிஎன் தொடறதே இல்ல. ஆக நீங்க முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், உங்க இன்டர்நெட் கம்பெனியை விட இந்த விபிஎன் கம்பெனியை அதிகமா நம்புறீங்களா?

கேள்வி (வேலை தேடும் வாசகர்): இலவச விபிஎன் ஆப் ஒண்ணு வச்சிருக்கேன், கோடிக்கணக்குல டவுன்லோடு, ரேட்டிங் நாலரை ஸ்டார். நம்பலாமா?

டவுன்லோடு எண்ணிக்கையும் ஸ்டாரும் அந்த ஆப் உங்க டேட்டாவை என்ன பண்ணுதுன்னு சொல்லாது. சர்வர் வாடகை, பேண்ட்விட்த், ஆள் சம்பளம், எல்லாத்துக்கும் மாசாமாசம் காசு போகுது, உங்ககிட்ட வாங்கலன்னா வேற எங்கேயோ வாங்குறாங்கன்னு அர்த்தம். நடந்ததைச் சொல்றேன். ஹோலான்னு ஒரு விபிஎன், 2015-ல தெரிய வந்துச்சு, இலவசமா யூஸ் பண்றவங்களோட இணைப்பையே லுமினாட்டிங்கற இன்னொரு சேவை வழியா காசுக்கு வித்துக்கிட்டு இருந்தாங்க, அதாவது முகம் தெரியாத ஒருத்தன் உங்க ஐபி வழியா நெட்ல சுத்துவான், ஏதாவது தப்புத்தண்டா பண்ணா விசாரிச்சு வர்றவங்க உங்க வாசல்ல வந்து நிப்பாங்க. ஃபேஸ்புக் 2013-ல ஓனாவோங்கற கம்பெனியை வாங்குச்சு, அதோட விபிஎன் ஆப்பைப் போட்டவங்க வேற எந்த ஆப் எல்லாம் யூஸ் பண்றாங்கன்னு அது வழியா பாத்துக்கிட்டு இருந்தாங்க, 2018-ல ஆப்பிள் அதை ஆப் ஸ்டோர்ல இருந்து எடுக்க வச்சது, அடுத்த வருஷம் மூடிட்டாங்க. 2020-ல ஹாங்காங்கைச் சேர்ந்த 7 இலவச விபிஎன் ஆப்போட டேட்டா, 1.2 டெராபைட்டுக்கு மேல, பாஸ்வேர்டே போடாத சர்வர்ல திறந்து கிடந்துச்சு. ஏழு பேருமே நாங்க எதையும் பதிவு பண்றதில்லன்னு எழுதி வச்சவங்கதான்!

2016-ல ஆஸ்திரேலியாவோட அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்பை எடுத்து சோதிச்சாங்க. 38 சதவீதத்துல மால்வேர் (கெடுதல் பண்ற கோடு) அறிகுறி, 75 சதவீதத்துல உங்களைப் பின்தொடர்ற டிராக்கிங் லைப்ரரி, 18 சதவீதம் டிராஃபிக்கை என்கிரிப்டே பண்ணல, அதாவது பூட்டு போடாமலே அனுப்புச்சு. இது பழைய கணக்குதான், ஆனா ஆப் ஸ்டோர்ல இருக்குங்கறது மட்டும் ஒரு சான்று ஆகாதுன்னு எனக்குப் புரிய வச்சது இந்த ஆய்வுதான்.

எல்லா இலவசமும் மோசம்னு சொல்லல. காசு கட்டுறவங்க பணத்துல இலவச ஆளுங்களையும் தாங்குற கம்பெனி இருக்கு, புரோட்டான் விபிஎன் அப்படித்தான், டேட்டா அளவு கிடையாது, ஆப்போட கோடும் வெளியில இருக்கு, ஆனா நாட்டை நீங்களா தேர்ந்தெடுக்க முடியாது, வேகமும் காசு கட்டுறவங்களுக்குத்தான் முதல்ல. காசு இல்லன்னா இந்த மாதிரி ஒண்ணுக்கு மாறுங்க, இல்லன்னா விபிஎன்னே வேண்டாம், மோசமான விபிஎன்னுக்கு விபிஎன் இல்லாம இருக்கறதே மேல்.

கேள்வி (வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வாசகி): எல்லா கம்பெனியும் "நோ லாக்ஸ்", அதாவது பதிவு எதுவும் வைக்கறதில்லன்னு போட்டுக்கறாங்க. வெளியில இருந்து பாக்கற நமக்கு அது நிஜமான்னு எப்படித் தெரியும்?

நேரடியா பாக்க வழியே இல்லைங்க, இதுதான் இந்தத் தொழில்லயே என்னை ரொம்ப உறுத்துற விஷயம். அதனால நான் விளம்பர வாசகத்தைப் பாக்கறதில்ல, போலீஸோ கோர்ட்டோ கதவைத் தட்டினப்ப அந்தக் கம்பெனி கையில என்ன இருந்துச்சுன்னு பாக்கறேன். ஐபிவேனிஷ் 2016-ல ஒரு வழக்குல அமெரிக்க அதிகாரிகளுக்கு யூஸரோட விவரத்தை எடுத்துக் கொடுத்தது, அது வெளியில தெரிஞ்சது 2018-ல, அப்போ அந்தக் கம்பெனி வேற கைக்கு மாறிடுச்சு. பியூர்விபிஎன் 2017-ல எஃப்பிஐ கேட்டப்ப, ஒரே ஆள் வீட்டு ஐபியில இருந்தும் ஆபீஸ் ஐபியில இருந்தும் கனெக்ட் ஆனதைக் காட்டற பதிவைக் கொடுத்துச்சு. பிடிபட்டவன் ஒரு பொண்ணைத் தொல்லை பண்ணவன், அவன் மாட்டினது நல்லதுதான், அதுல மாத்துக் கருத்து இல்ல, ஆனா பதிவே இல்லன்னு சொன்னவங்ககிட்ட பதிவு எப்படி வந்துச்சு?

மறுபக்கமும் இருக்கு. 2017-ல துருக்கியில ரஷ்யத் தூதர் கொலை வழக்குக்காக எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வரையே தூக்கிட்டுப் போனாங்க, அதுல ஒண்ணும் கிடைக்கல. 2023 ஏப்ரல்ல முல்வாடுங்கற விபிஎன் கம்பெனியோட ஸ்வீடன் ஆபீஸுக்குப் போலீஸ் சர்ச் வாரண்ட்டோட வந்தாங்க, எடுத்துட்டுப் போக கஸ்டமர் விவரம்னு எதுவும் இல்ல, வெறுங்கையோட திரும்பினாங்க. அங்க அக்கவுண்ட் தொடங்க பேரும் வேண்டாம் மெயிலும் வேண்டாம், 16 இலக்கத்துல ஒரு நம்பர் கொடுப்பாங்க, அதுதான் எல்லாமே. வாங்கி வைக்காத விவரத்தை யாரு வந்து கேட்டாலும் கொடுக்க முடியாது பாருங்க, அதைத்தான் நான் பெருசா மதிக்கிறேன்.

அடுத்தது ஆடிட். வெளி நிறுவனம் வந்து சர்வரைப் பாத்து அறிக்கை கொடுப்பாங்க, நல்ல விஷயம், ஆனா வந்த அன்னிக்கு இருந்த நிலைமைக்குத்தான் அது சாட்சி, அதனால வருஷா வருஷம் பண்றாங்களா, முழு அறிக்கையைப் படிக்கக் கொடுக்கறாங்களான்னு பாருங்க. சர்வர் ரேம்ல மட்டும் ஓடுதான்னும் பாருங்க, கரண்டைப் புடுங்கினா எல்லாம் போயிடும்.

ஓனர் யாருன்னு பாக்க மறந்துடாதீங்க, இதைப் பல பேர் பாக்கறதே இல்ல. கேப் டெக்னாலஜிஸ்னு ஒரு கம்பெனி, முன்னாடி கிராஸ்ரைடர்ங்கற பேர்ல இருந்தப்ப அதோட சாஃப்ட்வேரை ஆட்வேர் (விளம்பரத்தைத் திணிக்கற சாஃப்ட்வேர்) ஆளுங்க நிறைய யூஸ் பண்ணாங்க. அவங்கதான் 2017-ல சைபர்கோஸ்ட், 2019-ல பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், 2021-ல 93.6 கோடி டாலருக்கு எக்ஸ்பிரஸ்விபிஎன்னு வரிசையா வாங்கினவங்க. அதே 2021-ல விபிஎன்னுக்கு ரேங்க் போடற ரிவ்யூ சைட்டுகளை நடத்துற கம்பெனியையும் வாங்கிட்டாங்க. அதனால "டாப் 10 விபிஎன்" கட்டுரை படிக்கறப்ப அந்த சைட் யாருதுன்னு கீழ போய் ஒரு தடவை பாத்துடுங்க. மத்த சைட்லயும் நீங்க லிங்க்கை அமுக்கி வாங்கினா அவங்களுக்குக் கமிஷன் போற வழக்கம் பரவலா இருக்கு.

தப்பே நடக்காத கம்பெனியைத் தேடாதீங்க. நார்ட்விபிஎன்னோட பின்லாந்து சர்வர் ஒண்ணுல 2018 மார்ச்ல வெளியாள் நுழைஞ்சுட்டான், அவங்க அதை உலகத்துக்குச் சொன்னது 2019 அக்டோபர்ல. யூஸரோட பதிவு எதுவும் அதுல இல்லன்னாங்க, சரி, ஆனா சொல்றதுக்கு அவ்வளவு நாள் ஆனதுதான் எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம்.

கேள்வி (கேம் ஆடும் வாசகர்): 100 எம்பிபிஎஸ் லைன், விபிஎன் போட்டா 18-க்கு இறங்குது, பிங்கும் எகிறுது. என் நெட் கோளாறா, விபிஎன் கோளாறா?

மூணு விஷயத்தைப் பாருங்க. முதல்ல தூரம், பிங்னா டேட்டா போய் வர்ற நேரம்தானே. ஃபைபர்ல வெளிச்சம் ஒரு செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கற சர்வருக்குப் போய் வர்றதுக்கே 100 மில்லிசெகண்ட், எவ்வளவு காசு கட்டினாலும் அதுக்குக் கீழ இறங்காது. அதனால கேமுக்கு இருக்கறதுலயே பக்கத்து சர்வரை எடுங்க. ஆப்ல ஒரு நாட்டுக் கொடி போட்டிருந்தா சர்வர் அந்த நாட்டுலதான் இருக்கும்னும் இல்ல, ஐபி மட்டும் அந்த நாட்டுது, மெஷின் வேற நாட்டுலன்னு நிறைய இருக்கு, "வர்ச்சுவல்"னு குறிப்பு இருக்கான்னு பாருங்க.

ரெண்டாவது புரோட்டோகால், அதாவது விபிஎன் டேட்டாவைக் கட்டி அனுப்புற முறை. செட்டிங்ஸ்ல ஓபன்விபிஎன் டிசிபின்னு இருந்தா உடனே வயர்கார்டுக்கு மாத்துங்க. டிசிபிங்கறது தொலைஞ்சதைத் திருப்பி அனுப்புற முறை, டிசிபிக்குள்ள டிசிபி ஓடறப்ப ஒரு பாக்கெட் (டேட்டாத் துண்டு) தொலைஞ்சா உள்ள இருக்கறதும் திருப்பி அனுப்பும், வெளிய இருக்கறதும் திருப்பி அனுப்பும், ரெண்டும் மாறி மாறி அனுப்பி லைன் படுத்துடும். வயர்கார்டு யுடிபில, அதாவது தொலைஞ்சதைத் திருப்பி அனுப்பாத முறையில ஓடுது, மொத்தக் கோடே சுமார் 4,000 வரி, 2020-ல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ளயே சேத்துட்டாங்க. என் பழைய லேப்டாப்ல இந்த ஒரு மாத்தம் பண்ணி 22-ல இருந்து 80-க்குப் போச்சு, சர்வர் அதே சர்வர்தான். பிபிடிபின்னு ஒரு பழைய புரோட்டோகால் இன்னமும் இருந்தா தொடாதீங்க, அதை உடைச்சு ரொம்ப வருஷம் ஆச்சு.

மூணாவது சர்வர்ல கூட்டம். ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை, விடிகாலையில ஒரு தடவை அதே சர்வர்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பெரிய வித்தியாசம் வந்தா கம்பெனி ஒரே சர்வர்ல ஆளை அடைக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம். விபிஎன் இல்லாமலும் அதே நேரத்துல ஒரு தடவை எடுத்துக்கோங்க, அப்போதான் உங்க லைனோட குத்தமான்னு பிரிச்சுப் பாக்க முடியும்.

இன்னொண்ணு, ஸ்பீடு டெஸ்ட்ல எல்லாம் நல்லா காட்டும், ஆனா ஏதோ ஒரு சைட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், இது எனக்கு நடந்துச்சு, ஒரு லாகின் பக்கம் ரெண்டு நாளா திறக்கவே இல்ல, விபிஎன்னை நிறுத்தினா பட்டுனு வருது. கடைசில பாத்தா எம்டியூ, ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கற அளவு. சாதாரண லைன்ல ஒரு பாக்கெட் 1500 பைட் வரைக்கும் போகும், வயர்கார்டு தன் கவரையும் சேக்கணும்ங்கறதால உள்ள 1420-ன்னு வச்சுக்கும், நடுவுல எங்கேயாவது அதை விடச் சின்ன வழி இருந்தா பெரிய பாக்கெட் சத்தமில்லாம காணாமப் போயிடும். 1280-ன்னு இறக்கினேன், அடுத்த செகண்ட் பக்கம் வந்துடுச்சு.

கேள்வி (செய்தித் துறை வாசகர்): விபிஎன் நடுவுல கட் ஆனா என் நிஜ ஐபி வெளிய தெரியுமா?

தெரியும், கில் ஸ்விட்ச், அதாவது விபிஎன் கட் ஆனா நெட்டையே நிறுத்தற வசதி, போடலன்னா. உங்க வேலைக்கு இது ரொம்ப முக்கியம். ஆண்ட்ராய்டுல ஆப்புக்குள்ள இருக்கறதை மட்டும் நம்பாம, போன் செட்டிங்ஸ்லயே விபிஎன் எப்பவும் ஆன்ல இருக்கணும், விபிஎன் இல்லாத இணைப்பைத் தடுக்கணும்னு ரெண்டு ஸ்விட்ச் இருக்கு, ரெண்டையும் போடுங்க. அப்புறம் டிஎன்எஸ் (சைட் பேரை ஐபியா மாத்தித் தர்ற சேவை) லீக் டெஸ்ட் பண்ற சைட் ஒண்ணைத் திறந்து பாருங்க, விபிஎன் போட்ட பிறகும் உங்க இன்டர்நெட் கம்பெனி பேர் அதுல வந்தா நீங்க போற சைட் பேரெல்லாம் இன்னும் அவங்க வழியாத்தான் போகுது. லேப்டாப்பை மூடித் திறந்த உடனே ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, என்கிட்ட லீக் ஆனது அந்த நேரத்துலதான், ஐகான் பச்சையா இருந்துச்சு, ஐபி மட்டும் வீட்டோடது.

2024 மே மாசம் டனல்விஷன்னு ஒரு தாக்குதலை வெளியிட்டாங்க. நீங்க இருக்கற வைஃபைல ஒருத்தன் டிஎச்சிபி சர்வர் (வைஃபைல சேர்றவங்களுக்கு ஐபி கொடுக்கறது) மாதிரி நடிச்சு அதோட ஆப்ஷன் 121-ங்கற அமைப்பு வழியா டேட்டா போற பாதையை மாத்திட்டா, டிராஃபிக் விபிஎன் டனலுக்கு, அதாவது அந்தப் பெரிய கவருக்கு வெளிய போகும், விபிஎன் கனெக்டட்னே காட்டும். ஆண்ட்ராய்டு அந்த ஆப்ஷனை எடுத்துக்கறதே இல்ல, அதனால அதுக்குப் பாதிப்பில்ல. தெரியாத இடத்து வைஃபைல முக்கியமான வேலை இருந்தா லேப்டாப்பை உங்க போன் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாருங்க.

கேள்வி: விபிஎன் போட்டா பேங்க் ஆப் திறக்க மாட்டேங்குது, எங்க போனாலும் கேப்சா கேக்குது.

அந்த ஐபியை உங்களோட சேர்ந்து பல பேர் யூஸ் பண்றாங்க, அதனால சந்தேகப்படறாங்க. ஸ்பிளிட் டனலிங்ங்கற செட்டிங்ல பேங்க் ஆப்பை மட்டும் விபிஎன்னுக்கு வெளிய விடுங்க, ஆப்போட என்கிரிப்ஷனே அதுக்குப் போதும்.

கேள்வி: லைஃப்டைம் பிளான் சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா?

வேண்டாம். ஒரு தடவை காசு வாங்கிட்டு காலம் பூரா சர்வர் வாடகை கட்டறது நடக்கற காரியமா? விபிஎன்செக்யூர் 2023-ல கை மாறுச்சு, 2025-ல புது ஓனருங்க லைஃப்டைம் கணக்குகளை ரத்து பண்ணிட்டாங்க. முதல்ல ஒரு மாசத்துக்கு எடுத்துப் பாருங்க. ரெண்டு வருஷ பிளான்ல ஆட்டோ ரென்யூவலை வாங்கின அன்னிக்கே ஆஃப் பண்ணிடுங்க, எனக்கு ஒரு கம்பெனி ரெண்டாவது தடவை கேக்காமலே இரண்டரை மடங்கு எடுத்துடுச்சு, சாட்ல மூணு வாரம் மல்லுக்கட்டித்தான் திரும்ப வாங்கினேன்.

கேள்வி (ஒரு மகள்): எங்க அம்மா வாட்ஸ்ஆப்பும் யூடியூபும்தான் பாக்கறாங்க, ஆனா மோசடி பத்தி ரொம்ப பயப்படறாங்க. விபிஎன் போட்டுக் கொடுக்கட்டுமா?

அவங்க பயப்படற விஷயத்துக்கு விபிஎன் உதவாதும்மா. ஓடிபி கேட்டு போன் வந்தாலும், போலி லிங்க் வந்தாலும் விபிஎன் அதைத் தடுக்காது, விபிஎன் இருக்கேன்னு தைரியமா அமுக்கிடவும் வாய்ப்பிருக்கு. வீட்டுல அவங்க பக்கத்துல உக்காந்து போனை அப்டேட் பண்ணுங்க, வாட்ஸ்ஆப்ல ரெண்டு படி சரிபார்ப்பைப் போட்டு அந்த 6 இலக்க பின்னை அவங்க கையாலயே தேர்ந்தெடுக்க வைங்க, தேவையில்லாத ஆப்பை எல்லாம் எடுங்க. அதுல ஏதாவது இலவச விபிஎன் ஏற்கனவே இருந்தா அதையும் சேத்து எடுத்துடுங்க.