தெற்குக்குப் போகாத படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிய இயக்குநர் விக்டர் எரிசேயின் ‘எல் சூர்’ (தெற்கு) படத்தைச் சென்ற வாரம் நண்பர்களுடன் பார்த்தேன். 1950களின் வட ஸ்பெயினில் வாழும் ஒரு மருத்துவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள் ஆகியோரின் கதை. தந்தை இறந்தபின் மகள் தெற்குக்குப் புறப்பட ஆயத்தமாவதோடு படம் முடிந்துவிடுகிறது. தயாரிப்பாளர் படப்பிடிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று பிறகு படித்தேன். அரைகுறையாக நின்றுபோன படத்தை விமர்சகர்கள் இவ்வளவு கொண்டாடுவது இயக்குநர் மேலுள்ள பரிதாபத்தால்தானா? படம் மிக மெதுவாக நகர்கிறது. அரை மணி நேரத்தை வெட்டியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. ஐம்பது ஆண்டுகளில் நான்கே முழுநீளப் படங்கள் எடுத்தவர் என்பதாலும் இந்தப் புகழ் வந்திருக்குமோ?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். குறைவாகப் படம் எடுத்தவர்கள் உலகில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரை யாருக்கும் நினைவில்லை.

மற்றவற்றுக்குப் பதில் எழுதுவதற்குக் காரணம், இந்தப் படத்தைப் பற்றிய கட்டுரைகளைச் சில நாட்களாக நானும் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான். பாராட்டுபவர்களும் குறை சொல்பவர்களும் ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள். 81 நாட்களுக்குத் திட்டமிட்ட படப்பிடிப்பு 48 நாட்களில் நின்றது. தயாரிப்பாளர் எலியாஸ் கெரெஹேத்தா படக்குழுவைத் தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவுக்கு அனுப்பவில்லை. எடுத்தவரையில் தொகுத்த 95 நிமிடப் படம் 1983இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. எல்லாம் உண்மை. ஆனால் எல்லாமே திரைக்கு வெளியே நடந்தவை. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க உட்காருபவர், இருக்கிற படத்தை விட்டுவிட்டு இல்லாத பாதியைத்தான் தேடுவார். நீங்களாவது பார்த்துவிட்டுப் படித்தீர்கள். கிடைத்த அந்த நல்வாய்ப்பை ஏன் ஒரே வாரத்தில் தொலைத்தீர்கள்?

தன் படம் முற்றுப்பெறாதது என்றுதான் எரிசேயும் சொல்லிவந்திருக்கிறார். அவருடைய வலியை நான் மறுக்கவில்லை; அவருடைய தீர்ப்பை ஏற்கவும் இல்லை. படத்தில் வரும் மகள் எஸ்த்ரெயாவுக்குத் தெற்கு என்பது பெட்டியில் சேர்த்துவைத்த வண்ண அஞ்சலட்டைகள்தான். அவளுடைய புதுநன்மை (முதல் நற்கருணை) விழாவுக்கு வந்து போகும் பாட்டியும், அப்பாவை வளர்த்த மிலாக்ரோஸும்தான். குடியரசின் காலத்தில் தாத்தா கெட்டவராகவும் அப்பா நல்லவராகவும் இருந்தார்கள், தளபதி ஃபிராங்கோ வென்றதும் தாத்தா புனிதராகவும் அப்பா பேயாகவும் ஆகிவிட்டார்கள் என்று மிலாக்ரோஸ் சொல்லும்போது, ஸ்பானிய உள்நாட்டுப் போரின் முழுச் சரித்திரமும் ஒரு குழந்தையின் காதுக்கு ஏற்ற அளவில் வந்து சேர்ந்துவிடுகிறது. இதற்குமேல் ஆந்தலூசியாவின் வெயிலையும் காட்டியிருந்தால் அப்பா அகுஸ்தின் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு விடை கிடைத்திருக்கும். கிடைத்த கணமே அவர் பழைய காதலியை மறக்க முடியாத ஓர் ஆளாகச் சுருங்கியிருப்பார்.

மெதுவாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இறுக்கம் முற்றிய ஒரு நாளில் எஸ்த்ரெயா கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாளே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அம்மா தேடுகிறாள், கூப்பிடுகிறாள். அப்பா மட்டும் தேடி வருவதில்லை. மேல்மாடியில் அவருடைய கைத்தடி தரையைத் தட்டும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. மகளின் மௌனத்துக்கு அவர் தன் மௌனத்தையே பதிலாகத் தருகிறார் என்பது மூன்றாவது நான்காவது தட்டலில் புரிவதில்லை. சலித்துப்போகும் அளவுக்கு அது நீள வேண்டும்; அவளோடு நாமும் கட்டிலுக்கு அடியில் கிடக்க வேண்டும்; அப்போதுதான் அவருடைய துயரம் தன்னுடையதைவிடப் பெரியது என்று அவளுக்குத் தெரிய வருவது நமக்கும் தெரிய வரும். அதைப் பின்னணிக் குரலும் சொல்லிவிடுவது எரிசேயின் பலவீனம். தட்டலே போதுமானதாக இருந்தது.

என் தந்தை தம் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்ட பிறகு, மாலை நேரங்களில் எங்கள் வீட்டில் பாக்குவெட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்கும். எதற்காகப் பகைத்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. இன்று அதைச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை, ஆனாலும் அவரை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் இந்தப் படத்தைப் பற்றிய விமர்சனங்களை வாசிக்கிறேன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பரிதாபமா என்று கேட்டீர்கள். சிலருக்குப் பரிதாபமாகவே இருக்கலாம், அவர்களை விடுங்கள். ஆனால் ஹோட்டலில் தந்தையும் மகளும் சாப்பிடும் கடைசிச் சந்திப்பைப் பரிதாபத்தால் யாரும் எடுத்துவிட முடியாது. பக்கத்துக் கூடத்தில் யாருடைய திருமணமோ நடக்கிறது; புதுநன்மை அன்று இருவரும் சேர்ந்து ஆடிய அதே பாசோதோப்லே என்ற ஸ்பானிய நடன இசை அங்கே ஒலிக்கிறது. நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். வகுப்புக்குப் போகாமல் இருக்க முடியாதா என்றும், கெஞ்சுவது தெரியாதபடி கேட்கிறார். பதினைந்து வயதுப் பெண், அவளுக்கு நேரமாகிறது, போய்விடுகிறாள். புதுநன்மை நாளின் நடனத்தைக் கேமரா அவசரமில்லாமல் பின்தொடர்ந்திருக்காவிட்டால் இங்கே அந்த இசை வெறும் இசையாகத்தான் இருந்திருக்கும்.

எஸ்த்ரெயா தெற்கில் எதைக் கண்டிருப்பாள் என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், இந்தப் படத்துக்கு மூலமான அதலைதா கார்சியா மொராலெஸின் குறுநாவல் 1985இல் அச்சில் வந்தது, அதை வாசியுங்கள். அதில் மகள் தெற்கிலுள்ள செவியா நகருக்குப் போகிறாள், அப்பாவின் மறுபக்கத்தைச் சந்திக்கவும் செய்கிறாள். நல்ல குறுநாவல். ஆனால் படத்தின் குறையை நிரப்பும் துணைநூலாக அதைக் கையில் எடுக்காதீர்கள்.

வெட்டலாம் என்றீர்களே, அந்த அரை மணி நேரம் எது? காட்சி காட்சியாகக் குறித்து எனக்கு எழுதுங்கள். புதுநன்மை நடனமும் அந்தக் கட்டிலடியும் உங்கள் பட்டியலில் இருந்தால் பதில் எழுத மாட்டேன்.