முதலில் ஆட்டைப் பற்றிச் சொல்லுங்கள், ஸ்கேன் அப்புறம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 2 மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை, இடுப்பு வலி. அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் ஒரு கட்டி, மண்ணீரலில் சின்னச் சின்னதாகச் சில. ஓர் ஏஜெண்ட் 'புற்றுநோயாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யும் உடல் முழுக்க ஸ்கேனும் சேர்த்துப் பேக்கேஜ் போட்டுத் தருகிறேன்' என்று முன்பணம் கேட்கிறாராம். லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு) பின்னால் ஆடு வளர்ப்பதும் பச்சைப்பால் குடிப்பதும் கடிதத்தின் கடைசி வரியில்தான் வருகிறது.

சகோதரி, அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். முன்பணம் கொடுக்காதீர்கள். 2010-11இல் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்து 79 பேருக்கு புருசெல்லோசிஸ் வந்தது, புருசெல்லா என்ற கிருமி ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதால் வரும் காய்ச்சல் நோய் அது. அந்தக் கிருமி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிச் சீழ்க்கட்டி போடும். ஸ்கேன் கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று காட்டும், எந்தக் கிருமி என்று சொல்லாது. நம் நாட்டில் மெலியோய்டோசிஸும் (மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வரும் நோய்) இதே மாதிரிக் கட்டி போடும், நீரிழிவுக்காரர்களுக்கு வேறு கிருமிகளும் போடும். எந்தக் கிருமி என்று காட்டிக் கொடுப்பது ரத்தப் பரிசோதனையும் கல்ச்சரும்தான் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை). ஆடு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்துக்கும் சொல்ல வேண்டும், கவனமில்லாமல் கையாண்டால் அங்கே வேலை செய்பவர்களுக்கே இந்தக் கிருமி தொற்றும்.

படம் என்றால், தெளிவாகத் தெரிவதற்காக ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்று பெரும்பாலும் போதும். பழைய புருசெல்லா கட்டியாக இருந்தால் நடுவில் சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கருத்த சீழ். புதுக் கட்டியில் அந்த வெள்ளை இருக்காது, அதனால் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சிகிச்சை முடிந்த பிறகும் அந்த வெள்ளை பல வருடம் கிடக்கும், அதைக் காட்டி இன்னொரு ஸ்கேனுக்கு இழுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். உங்கள் கணவருக்கு நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஸ்கேனுக்கு ஏற்றுகிற மருந்துக்கு முன்னால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தே ஆக வேண்டும். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்லட்டும். சிறுநீரகத்தின் வேலை ரொம்பக் குறைந்திருந்தால் அந்த மாத்திரையை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வோம், நன்றாக இருந்தால் நிறுத்த வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நீங்களாக நிறுத்திவிட்டுச் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு வராதீர்கள். முன்பு ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்துக்கு மூச்சு முட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க நம் நாட்டுக் குடிமக்களுக்கு 5 ரிங்கிட். தேதி கிடைக்கத்தான் தாமதம், அந்தக் காத்திருப்பில்தான் ஏஜெண்ட் புகுந்துகொள்கிறான். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ஸ்கேன் பார்க்கும் எங்கள் மேசைக்கு வரும் படிவத்தில் 'காய்ச்சல், கல்லீரல் கட்டி' என்று இரண்டு வார்த்தைதான் இருக்கும், நோயாளி ஆடு வளர்க்கிறார் என்று யாரும் கேட்டு எழுதுவதில்லை. அதனால் நீங்களே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் 'கம்பிங், சுசு மெந்தா' (மலாயில் ஆடு, பச்சைப்பால்) என்று எழுதி, அந்த அல்ட்ராசவுண்ட் படத்தோடு டாக்டர் கையில் கொடுங்கள், நாளைக்கே.