புளிக்காத மாவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் ஐடி வேலையில் இருக்கிறேன். என் மச்சான் தீவிர விசுவாசி. செங்கடல் பிளந்ததைக் கம்ப்யூட்டரில் நிரூபித்துவிட்டார்கள், கடலடியில் எகிப்து ராஜா பார்வோனின் தேர்ச்சக்கரம் கிடைத்துவிட்டது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் ஏதாவது போடுகிறார். எகிப்தின் மேல் கடவுள் அனுப்பியதாகச் சொல்லும் பத்து வாதைகளுக்கும் கிரேக்கத் தீவான சாண்டோரினியின் எரிமலைதான் காரணம் என்று நேற்று ஒரு வீடியோ. நான் தேடிப் படித்தவரை, எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலரை மோசே மீட்டுக் கூட்டிப்போனதாகச் சொல்லும் பைபிளின் யாத்திராகமம் முழுக்கக் கற்பனை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நடந்ததா, இல்லையா? ஒரே வரியில் சொன்னால் அவருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்துவிடுவேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஒரே வரி இதோ: எழுதியிருக்கிற அளவில் அது நடக்கவில்லை. இதை வெட்டி மச்சானுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் கிளம்பலாம். உட்காரப் பொறுமை இருந்தால் மேலே படியுங்கள். போன மாதம் என் அப்பத்தாவின் திதி. அன்றிலிருந்து கிட்டத்தட்ட இதே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் குப்பையைக் கூட்டித் தள்ளிவிடுவோம். தேர்ச்சக்கரம், ரான் வயட் என்ற அமெரிக்கர் கிளப்பிவிட்டது. நோவாவின் பேழை, உடன்படிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னவர் அவர். ஒரே ஆள் எவ்வளவுதான் கண்டுபிடிப்பார்! தொல்லியல் உலகம் எதையும் ஏற்கவில்லை. சாண்டோரினி வெடித்தது கிமு 1600ஐ ஒட்டி. யாத்திராகமம் சொல்லும் ராமசேஸ் பட்டணமோ கிமு 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராமசேஸ் என்ற பார்வோன் பெரிதாக்கிக் கட்டியது. நடுவில் முன்னூறு வருடம். அவ்வளவு பழைய சாம்பல் சரியாக மோசே கையை நீட்டும்வரை காத்திருக்காது.

கம்ப்யூட்டரில் கடல் பிளந்த விஷயம் மட்டும் நேர்மையான வேலை. 2010இல் கார்ல் ட்ரூஸ், வெய்சிங் ஹான் என்ற இருவர் கணினி மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். நைல் கழிமுகத்தின் கிழக்கே ஆழமில்லாத ஒரு காயல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 12 மணி நேரம் கீழ்க்காற்று அடித்தால் தண்ணீர் ஒதுங்கி, 3, 4 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை தெரியும். நாலு மணி நேரம் அப்படியே இருக்கும். வேதத்திலும் இராமுழுதும் கீழ்க்காற்று அடித்ததாகத்தான் இருக்கிறது. மூல எபிரேயத்தில் உள்ள பெயரை நாணல் கடல் என்றே பலர் படிக்கிறார்கள். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள்தான் அதைச் செங்கடல் ஆக்கினார்கள். எல்லாம் சரி. மதுரைக்கு ரோடு இருக்கிறது என்பதாலேயே நான் நேற்று மதுரைக்குப் போனேன் என்று ஆகிவிடுமா? தண்ணீர் ஒதுங்க முடியும் என்று மட்டும் தெரிகிறது. கரையில் யாராவது நின்றார்களா என்பதைக் காற்று சொல்லாது. காற்றுதான் செய்தது என்று மச்சானிடம் வாதாடப் போகாதீர்கள். காற்றை அனுப்பியது யார் என்று திருப்பிக் கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது, என்னிடமும் இல்லை.

சரி, மண்வெட்டிக்கு வருவோம். ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் என்கிறது யாத்திராகமம். பெண்டு பிள்ளைகளோடு 20 லட்சம் தாண்டும். அன்றைய எகிப்தின் மொத்த ஜனமே 30, 40 லட்சம் என்றுதான் கணிக்கிறார்கள். 1967க்குப் பிறகு, அவர்கள் அலைந்ததாகச் சொல்லும் சினாய் பாலைவனம் இஸ்ரேலின் கையில் இருந்தபோது அந்த நாட்டுத் தொல்லியலாளர்கள் சல்லடை போட்டுத் தேடினார்கள். கிடைக்க வேண்டும் என்ற ஆசை அவர்களைவிட யாருக்கு இருந்திருக்கும்? அதற்கும் ஆயிரம் வருடம் முந்தைய ஆடு மேய்ப்பவர்களின் தடயம்கூடக் கிடைத்தது, இவர்களுடையது கிடைக்கவில்லை. அவர்கள் கடைசியில் போய்ப் பிடித்ததாகச் சொல்லும் கானான் தேசத்தில், எரிகோ பட்டணத்தைத் தோண்டிய தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் அதன் மதில் கிமு 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது என்றார். மோசேக்குப் பின் தலைவரான யோசுவா, எக்காளம் ஊதி மதிலை விழவைக்க வந்ததாகச் சொல்லும் காலத்தில் அங்கே விழுவதற்கு மதிலே இல்லை. யோசுவா பிடித்ததாகச் சொல்லும் இன்னொரு ஊரான ஆயி பட்டணம் அதற்கு ஆயிரம் வருடம் முன்பே பாழடைந்து கிடந்தது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தக் காலத்தில் கானான் தேசமே பார்வோனின் ஆட்சியில் இருந்தது. காசாவில், பெத்செயானில் எகிப்தியப் படை முகாம் போட்டிருந்தது. எகிப்திலிருந்து தப்பி எகிப்துக்குள்ளேயே போனார்கள் என்றால் என்ன அர்த்தம்? அந்தப் படையைப் பற்றி யோசுவாவின் கதையில் ஒரு பேச்சும் இல்லை.

மெர்னப்தா பார்வோனின் வெற்றிக் கல்வெட்டு கிமு 1208 வாக்கில் வெட்டப்பட்டது. 1896இல் எகிப்தின் தீப்ஸில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரீ கண்டெடுத்தார். இஸ்ரவேல் என்ற பெயர் எகிப்தியக் கல்லில் தெளிவாக வருவது அங்கேதான். அதுவும் ஊர்ப் பெயராக இல்லை, ஜனக்கூட்டம் என்ற குறியோடு. எகிப்திலிருந்து ஓடிப்போனவர்கள் என்று அதில் இல்லை. கானானில் இருப்பவர்கள், இப்போது வித்தில்லாமல் அழிந்தார்கள் என்கிறான். அதே காலத்தை ஒட்டிக் கானானின் மலைப்பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கிராமங்கள் முளைக்கின்றன. சட்டி பானை எல்லாம் கானானிய ஜாடை. ஆக, இஸ்ரவேலர்களில் பெரும்பாலோர் எங்கிருந்தும் வரவில்லை, அந்த மண்ணிலேயே இருந்தவர்கள்.

"அதைத்தானே சார் நானும் சொன்னேன், முழுக்கக் கற்பனை" என்று நீங்கள் போனை எடுப்பது தெரிகிறது. வையுங்கள் கீழே. உங்களுக்கும் மச்சானுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவருக்குச் சக்கரம் வேண்டும், உங்களுக்குச் சக்கரம் இல்லை என்ற சர்டிபிகேட் வேண்டும். இரண்டு பேரும் அந்தப் புத்தகத்தை உட்கார்ந்து வாசிக்கவில்லை.

வாசித்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். யாத்திராகமத்தில் பார்வோனுக்குப் பெயர் கிடையாது. உலகத்தையே ஆண்ட ராஜா வெறும் பார்வோன்தான். ஆனால் ஆண் குழந்தைகளைக் கொல்ல மறுத்த இரண்டு மருத்துவச்சிகளுக்குப் பெயர் இருக்கிறது: சிப்பிராள், பூவாள். அரண்மனையில் உட்கார்ந்து கதை கட்டுகிறவன் ராஜா பெயரை விட்டுவிட்டு மருத்துவச்சி பெயரை எழுதுவானா? அமெரிக்காவின் புருக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு எகிப்தியப் பாப்பிரஸில் (நாணல் தாள்), கிமு 1700களில் எழுதியது, வீட்டு வேலையாட்களின் பட்டியல் இருக்கிறது. பாதிக்கு மேல் கானானிய மொழிப் பெயர்கள். சிப்பிராள் என்ற பெயரின் பழைய வடிவமும் அதில் உண்டு. அதே பெண் என்று சொல்ல வரவில்லை, நூற்றாண்டுகள் தள்ளி. ஆனால் அப்படிப் பெயர் உள்ளவர்கள் அங்கே அடிமைகளாக இருந்தார்கள்.

அப்புறம் அந்த மாவு. இங்கேதான் அப்பத்தா வருகிறாள். எட்டு வயதில், 1942இல், ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்து வந்தவள் அவள். சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டு டீச்சரம்மா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வேதம் வாசிப்பார். அப்பத்தா முருக பக்தை. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பாள். கடல் பிளந்தபோது அவள் கை நிற்கவில்லை. பிசைந்த மாவு புளிக்கிறதற்கு முன்னே, மாவுப் பாத்திரத்தைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள் என்ற இடம் வந்தபோது நின்றது. "அப்படித்தான்டா இருந்திருக்கும். எங்காத்தா அரிசியை ஊறப்போட்டுட்டு வந்துட்டா" என்றாள். அவளுடைய ஆத்தா சாகும்போதுகூட அந்த அரிசியைப் பற்றித்தான் பேசினாளாம்.

பர்மாவை அப்போது யார் ஆண்டார்கள் என்று அப்பத்தாவுக்குத் தெரியாது. வழியில் பனைவெல்லம் கொடுத்த பர்மியப் பெண்ணின் பெயர் கடைசிவரை தெரியும். அதற்காக அவள் சொன்னதெல்லாம் உண்மை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது நாள் நடந்தோம் என்பாள். அவள் அண்ணன் கணக்கில் இருபத்தாறு. எங்கள் வீட்டிலும் நாற்பதுதான் ஜெயித்தது! இன்னொரு வேடிக்கை. 1958இல் சிவகங்கையில் பிறந்த என் அப்பா, "நாங்க பர்மாவுலேர்ந்து நடந்து வந்தப்ப" என்றுதான் இன்றும் ஆரம்பிப்பார். சண்டைக்கு முன்பே கப்பலில் சொகுசாக வந்து இறங்கிய சின்னத் தாத்தாவின் பேரப்பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள். நடந்தவர்கள் ஏழு பேர். இப்போது கல்யாண வீட்டில் எண்ணினால் எண்பது பேர் நடந்திருக்கிறோம். யூதர்கள், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து வெளியே வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

எகிப்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் தப்பி வந்து அந்த மலைக் கிராமங்களில் கலந்து, அதன் கதை எல்லோருடைய கதையும் ஆகியிருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். மண்ணில் நிரூபிக்க முடியாதது. எனக்கு நம்பத் தோன்றுகிறது, அதில் அப்பத்தாவின் பங்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

தப்பி ஓட முடிந்ததா என்று கேட்டால், அதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஐந்தாம் அனஸ்தாசி பாப்பிரஸ், கிமு 13ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தது. அதில் எல்லைப் படை அதிகாரி ஒருவரின் கடிதம். அரண்மனையிலிருந்து இரண்டு வேலையாட்கள் ஓடிப்போகிறார்கள். இவர் துரத்துகிறார். மறுநாள் ட்ஜெக்கு என்ற இடத்துக்கு வருகிறார். அதுதான் வேதத்தில் வரும் சுக்கோத்து என்று பலர் கருதுகிறார்கள். தெற்கே போனார்கள் என்கிறார்கள். கோட்டைக்குப் போனால், பாலைவனத்திலிருந்து வந்த குதிரைக்காரன் அவர்கள் மிக்தோல் கோட்டைக்கு வடக்கே உள்ள மதிலைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறான். சுக்கோத்து, மிக்தோல்: யாத்திராகமம் சொல்கிற வழியில் வரும் அதே பெயர்கள். ஆறு லட்சம் பேர் இல்லை, இரண்டே பேர். தடம் கண்டது யார், எந்தக் காவல் ஆட்கள் பின்னால் போனார்கள், எத்தனை பேரை அனுப்பினீர்கள், எல்லாவற்றையும் எனக்கு எழுதுங்கள் என்று அந்த அதிகாரி பதறுகிறார். பதில் கடிதம் கிடைக்கவில்லை. அந்த இருவரும் பிடிபட்டார்களா என்று யாருக்கும் தெரியாது.

மச்சானுக்கு எதையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சக்கரம் படத்தை எனக்கு மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள், ஏற்கனவே போனில் மூன்று இருக்கிறது.

அன்புடன்.