ஆண்டு மலர்: முதலில் பணம், பிறகு அச்சு

கேள்வி: பள்ளி ஆண்டு மலரைப் பெற்றோர் குழுவே அச்சிடப் போகிறோம். விலையை எப்படி வைப்பது? படங்கள் ஏன் மங்கலாகின்றன?

பதில்: முன்பதிவுப் பணம் கைக்கு வந்த பிறகே அச்சகத்துக்குப் பிரதி எண்ணிக்கையைச் சொல்லுங்கள். வடிவமைப்பு, பிளேட் (அச்சுத் தகடு) செலவு எத்தனை பிரதி அடித்தாலும் மாறாது. 100 பேர் என்று கணக்குப் போட்டு 60 பேரே கட்டினால் துண்டு விழும். அதனால் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கே விலை வையுங்கள். கட்ட முடியாத பிள்ளைகளின் பிரதிச் செலவையும் அந்த விலையிலேயே சேர்த்துவிடுங்கள். எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

படம் மங்குவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுருங்குவதால்தான். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) வேண்டும். தாள்களை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதென்றால் பக்கங்கள் 4-இன் மடங்காக இருக்கட்டும். பெயர்களை வகுப்பாசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.