எண்ணெயும் கறியும் நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு 486 இருக்கிறது, மாத்திரை கட்டாயமா?

காரைக்குடியிலிருந்து கேட்டவர் கொடுத்த விவரம்: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 58, சர்க்கரை நோய் உண்டு. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 236, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 34, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 486, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 105, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 9.1. இரண்டு மாதமாகக் கறி, மீன், முட்டை, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கிடையாது. காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, இரவில் இடியாப்பமும் பாலும். அப்படியும் குறையவில்லை. மாத்திரையைத் தொட்டால் ஆயுளுக்கும் விட முடியாதா?

குறையாததில் வியப்பே இல்லை. மூன்று வேளையும் அரிசிதான் போகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மிஞ்சுகிற மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடாகத் தெரிவதில் பெரும்பங்கு அதுதான். ஆக, தட்டிலிருந்து மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் இரண்டு இட்லி வைத்ததால் நிலைமை ஒன்றும் மாறவில்லை.

முதலில் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். எல்.டி.எல். 105 என்று பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பல லேப்களில் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்தில் எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலும் அதே கணக்குதான்: 236-இல் 34-ம் 97-ம் போனால் 105. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. பதிலாக மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழியுங்கள்: 202. சர்க்கரை உள்ளவருக்கு இது 130-க்குக் கீழே இருக்க வேண்டும், இதயநோய் ஏற்கனவே இருந்தால் 100-க்குக் கீழே. கவலைப்பட வேண்டிய எண் இதுதான்.

அடுத்தது, அந்த 486 நிஜமா? ரத்தம் கொடுக்கும் முன் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலைக் காபியும் கூடாது. மூன்று நாளைக்கு முன்பிருந்து மது கூடாது. கல்யாணம், படைப்பு, சாந்தி என்று விருந்து முடிந்த கையோடு ரத்தம் கொடுத்தால் எண் ஏறித்தான் வரும். ஒரு வாரம் வழக்கமான சாப்பாட்டில் இருந்துவிட்டு மறுபடி எடுங்கள். 150-க்குக் கீழே இயல்பு, 200 முதல் 499 வரை அதிகம், 500-க்கு மேல் மிக அதிகம். அப்பச்சி அந்தக் கடைசி எல்லையின் ஓரத்தில் நிற்கிறார்.

அதே ரத்தத்தில் தைராய்டும் (டி.எஸ்.எச்.), சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும், சிறுநீரகம் புரதத்தைக் கசிய விட்டாலும் ட்ரைகிளிசரைடு ஏறும். ஸ்டீராய்டு, சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள், மனநலத்துக்குக் கொடுக்கும் ஓலன்சபின் போன்றவையும் ஏற்றும். எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் அந்த 9.1 மீதுதான். சர்க்கரை கட்டுக்குள் வந்தாலே ட்ரைகிளிசரைடு கணிசமாக இறங்கும். பல பேருக்கு இதற்கென்று தனி மாத்திரையே தேவைப்படுவதில்லை.

இனி சாப்பாடு. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். காலையில் இரண்டோடு நிறுத்தி, கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வைக்கலாம். மதியத் தட்டில் பாதி காய், கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மிச்சம் கால் பங்குதான் சோறு. நம் பக்கத்துச் சமையலில் இதற்கு வழி இருக்கிறது. வெண்டைக்காய் மண்டி, கீரை மண்டி, அவரைக்காய்ப் பொரியல், கூட்டு என்று செய்யத் தெரியாத வீடே கிடையாது. அவற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைக்காமல் வயிறு நிறையும் அளவில் வையுங்கள். மண்டிக்கு ஊற்றும் அரிசி களைந்த தண்ணீரில் மாவு சொற்பம், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது இரவு இடியாப்பத்துக்கு. அது முழுக்க அரிசி மாவு, அதன் மேல் பாலும் சீனியும். வரகு, சாமைக்கு மாறினாலும் சோற்றைப் போலக் குவித்தால் பலன் கிடைக்காது.

இனிப்பில் வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் சீனியின் பங்காளிகள்தான். இவை எல்லாவற்றிலும் ஃப்ரக்டோஸ் இருக்கிறது. கல்லீரல் அதைச் சுலபமாகக் கொழுப்பாக்கும். கவுனி அரிசி நல்லது என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். முழு தானியம் என்ற வரையில் சரி. ஆனால் நாம் கவுனியைச் சோறாகவா சாப்பிடுகிறோம்? சீனியும் தேங்காயும் நெய்யும் சேர்த்தல்லவா கிண்டுகிறோம்! கந்தரப்பம், பால் பணியாரம், உக்காரை, அதிரசம் எல்லாம் விசேஷத்தன்று ஒன்றே ஒன்று. வீட்டில் டின் கணக்கில் இருக்கும் மாவுருண்டையும் சீப்புச் சீடையும் அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும். பழத்தைப் பழமாகத் தின்னலாம், ஜூஸாக வேண்டாம்.

மீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தொண்டிப் பக்கத்துக் கடல் மீன் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு மத்தியையும் கானாங்கெளுத்தியையும் நிறுத்தியது நஷ்டம். வாரம் இரண்டு மூன்று முறை குழம்பாக வைத்துக் கொடுங்கள், பொரிக்க வேண்டாம். கோழியைத் தோல் நீக்கிச் சமைக்கலாம். ஆட்டுக்கறியை எப்போதாவது, கொழுப்பு இல்லாத துண்டாகப் பார்த்து. எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. கிளிமிப்ரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சாப்பாட்டை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

எண்ணெய் பற்றிச் சொன்னது 500-க்குக் கீழே இருக்கும் வரைதான். கல்லீரல் செய்த கொழுப்பும், சாப்பாட்டில் வந்த கொழுப்பும் ஒரே நொதியின் வழியாகத்தான் ரத்தத்தை விட்டு வெளியேற வேண்டும். கண்மாய்க்கு ஒரே மதகு இருப்பது மாதிரி. 500-ஐத் தாண்டும்போது அந்த மதகு நிரம்பிவிடும், அதன் பிறகு சாப்பிடும் எண்ணெயும் தேங்கும். 1000-க்கு மேல் போனால் கணையம் வீங்கும் ஆபத்து நிஜமாகவே வந்துவிடும். அந்தக் கட்டத்தில் எண்ணெய், நெய், தேங்காய், கறி எல்லாவற்றையும் கடுமையாகக் குறைத்து, மொத்தக் கலோரியில் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே கொழுப்பாக வைப்பார்கள். மதுவைத் துளிகூடத் தொடக்கூடாது. 'கொஞ்சமாக' என்ற பேச்சே அங்கே இல்லை.

நடை: வாரம் ஐந்து நாள், 30 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில். ட்ரைகிளிசரைடு மீது நடையின் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும், அதனால் தொடர்ந்து இரண்டு நாள் விட வேண்டாம். வெயில் கொளுத்தினால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வீட்டுக்குள்ளேயே நடக்கலாம், அதற்கான நீளம் நம் வீடுகளுக்கு உண்டு. எடை கூடுதலாக இருந்து அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும்.

மாத்திரைக்கு வருவோம். இரண்டு மாத்திரை, இரண்டு வேலை. ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின்) மாரடைப்பைத் தடுக்க. 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு ட்ரைகிளிசரைடு எவ்வளவு இருந்தாலும் இதைப் பரிந்துரைப்பார்கள். கூடவே ட்ரைகிளிசரைடும் 10 முதல் 30 சதவீதம் குறையும். இது நீண்டகால மாத்திரை. பழக்கமாகிவிடும் என்பதால் அல்ல, ஆபத்து தொடர்ந்து இருப்பதால். ட்ரைகிளிசரைடு இறங்கிவிட்டது என்று இதை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஃபெனோஃபைப்ரேட் முக்கியமாகக் கணையத்தைக் காப்பாற்ற. ட்ரைகிளிசரைடை 30 முதல் 50 சதவீதம் இறக்கும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டாட்டினோடு இதைச் சேர்த்துப் பார்த்த அக்கார்ட் ஆய்வில் (2010) மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. அதே வகையைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட்டை வைத்துச் செய்த ப்ராமினென்ட் ஆய்விலும் (2022) அதே முடிவுதான். அதனால் 250, 300-க்கெல்லாம் இதை அவசரமாகத் தொடங்க வேண்டியதில்லை. மறுபரிசோதனையில் 500-ஐத் தாண்டினால் டாக்டர் எழுதுவார். சர்க்கரையும் எடையும் சரியான பின் இதை நிறுத்திப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. 160 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சாது. பித்தப்பைக் கல், கல்லீரல் நோய், கடுமையான சிறுநீரகக் கோளாறு இருந்தால் கூடாது. கிரியேட்டினினைத் தொடங்கும் முன்பும், மூன்று மாதத்திலும், பிறகு அவ்வப்போதும் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு கூடலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜெம்ஃபைப்ரோசில் என்ற பழைய மருந்தை ஸ்டாட்டினோடு சேர்க்கவே கூடாது, தசை சிதையும். எந்தச் சேர்க்கையிலும் காரணமில்லாத தசைவலியும் தேயிலைச் சாய நிறத்தில் சிறுநீரும் வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மெடிக்கலில் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரை இதற்கு மருந்து ஆகாது. 1000 மி.கி. என்று அட்டையில் போட்டிருந்தாலும் பலவற்றில் வேண்டிய ஒமேகா-3 சுமார் 300 மி.கி.தான். சிகிச்சைக்குத் தேவை நாளுக்கு 2 முதல் 4 கிராம். 2018-இல் முடிவு வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் பலன் காட்டியது சுத்திகரித்த ஒமேகா-3 மருந்தான ஐகோசபென்ட் எத்தில், நாளுக்கு 4 கிராம். அது டாக்டர் சீட்டில் வாங்குவது. அதிலும் சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவது உண்டு.

மாற்றங்களைத் தொடங்கி 6 முதல் 12 வாரத்தில் மறுபடி லிப்பிட் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) பாருங்கள். எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான் அர்த்தம் தரும். இடையில் மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் சேர்ந்தால், வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், வாசலிலேயே ட்ரைகிளிசரைடு எண்ணைச் சொல்லிவிடுங்கள். நீங்களும் கூடப்பிறந்தவர்களும் ஒருமுறை லிப்பிட் எடுத்துக்கொள்ளுங்கள், இது குடும்பத்தில் ஓடுவது உண்டு.